‘50 முதல் 75 மைக்ரான்’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரும்புக் கட்டமைப்புகள், தொட்டிகள், குழாய்கள், பாலங்கள் ஆகியவற்றுக்கான பெயிண்டிங் ஸ்பெசிஃபிகேஷனை எழுதும் பொறியாளர்களுக்கும், அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஆவணத்தில் ஒரு வரி வரும். வேலை எதுவானாலும் அந்த வரி ஏறத்தாழ ஒன்றுதான்: “எஸ்ஏ 2½ தரத்துக்கு பிளாஸ்டிங் செய்ய வேண்டும்; சர்ஃபேஸ் புரொஃபைல் 50 முதல் 75 மைக்ரான்.” பிளாஸ்டிங் என்றால் துகள்களை வேகமாக வீசி இரும்பின் துருவையும் பழைய பூச்சையும் அகற்றுவது. எஸ்ஏ 2½ அதில் வரவேண்டிய சுத்தத்தின் தரம். சர்ஃபேஸ் புரொஃபைல் என்பது அதனால் இரும்பில் உண்டாகும் மேடு பள்ளத்தின் உயரம்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுத்த வரியில், முதல் பூச்சான பிரைமரின் பெயர் வந்துவிடும். என் பிழைப்பு அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் நடக்கிறது. பிளாஸ்டிங் முடிந்த இரும்பை அளந்து பார்த்து, பெயிண்ட் அடிக்கலாமா கூடாதா என்று சொல்கிற ஆள் நான்.

அந்த வரியின் முதல் பாதியில் எனக்குச் சிக்கல் இல்லை. எஸ்ஏ 2½ என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 8501-1 புத்தகத்தில் புகைப்படங்களே இருக்கின்றன. புத்தகத்தை இரும்பின் பக்கத்தில் பிடித்தால் வாக்குவாதம் பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டாவது பாதிதான் பாடாய்ப் படுத்துகிறது. 50 முதல் 75 என்று எழுதினீர்கள், சரி. எதை வைத்து அளப்பது? ஓரிடத்தில் எத்தனை முறை அளப்பது? வந்த எண்களில் சராசரியை எடுப்பதா, பெரியதை எடுப்பதா? எத்தனை இடங்களில்? ஒன்று தவறினால் என்ன? இவற்றுக்குப் பதில் இல்லாமல் வரும் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு தொட்டியை ஏற்கவும் முடியும், அதே தொட்டியைத் தள்ளவும் முடியும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எப்படி என்று காட்டுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். சுத்தமும் சொரசொரப்பும் வேறு வேறு. உருண்டையான ஸ்டீல் ஷாட்டால் அடித்தாலும் எஸ்ஏ 2½ வரும். கூரான முனைகள் கொண்ட கிரிட்டால் அடித்தாலும் வரும். முதலாவது சுத்தியலால் தட்டியதுபோல வழவழப்பான குழிகளைத் தரும். இரண்டாவது இரும்பை வெட்டிக் கொத்தி, கூரிய மேடும் பள்ளமுமாக ஆக்கும். எஸ்ஏ 2½ இந்த வித்தியாசத்தைப் பற்றி வாயே திறக்காது. உயர் அழுத்தத் தண்ணீரால் சுத்தம் செய்கிற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெயிண்டும் துருவும் பளிச்சென்று போய்விடும், ஆனால் அது புதிதாக எந்தச் சொரசொரப்பையும் உண்டாக்காது. அடியில் முன்பே இருந்த புரொஃபைலை வெளியே கொண்டுவரும், அவ்வளவுதான். அடியில் ஒன்றும் இல்லையென்றால் பளபளக்கும் இரும்பின்மேல் பெயிண்ட் பிடிமானமில்லாமல் உட்கார்ந்திருக்கும். தண்ணீரால் சுத்தம் செய்யும் வேலைக்கும் “50 முதல் 75 மைக்ரான் உண்டாக்க வேண்டும்” என்று எழுதிய ஆவணங்கள் கைக்கு வரத்தான் செய்கின்றன. எங்கிருந்து உண்டாக்குவது?

இப்போது அளவுக்கு வருவோம். புரொஃபைலை அளக்க நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. ஒப்பீட்டுத் தகடு, ரெப்ளிக்கா டேப், ஊசி வைத்த ஆழமானி, ஸ்டைலஸ் கருவி. ஐஎஸ்ஓ 8503 தொடரில் மைக்ரோஸ்கோப் வழியும் ஒன்று இருக்கிறது. அது சோதனைக்கூடத்துக்கு உரியது, விட்டுவிடலாம்.

டேப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தளத்தில் அதிகம் புழங்குவதும் அதிகம் சண்டை மூட்டுவதும் அதுதான். ஒட்டும் தாளின் நடுவே சின்ன வட்டமாக ஒரு நுரைப் படலம் இருக்கும். அதன் முதுகில் சரியாக 50 மைக்ரான் தடிப்புள்ள பாலியெஸ்டர் ஃபிலிம். பிளாஸ்டிங் செய்த இரும்பில் நுரை படும்படி ஒட்டி, உருண்டை முனையுள்ள சின்னக் கோலால் வட்டம் முழுக்கத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க, வெளிறிய வட்டம் மெல்லக் கருத்து, புள்ளி புள்ளியாக இரும்பின் முகம் தெரியத் தொடங்கும். மேடுகள் நுரையை நசுக்கி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக்கிவிடும். பள்ளங்களுக்குள் நுரை நசுங்காமல் நிற்கும். வட்டம் முழுதும் ஒரே நிறமாகும் வரை தேய்க்காமல் விட்டால் அளவு தப்பும். அப்புறம் டேப்பை உரித்து, ஸ்பிரிங் வைத்த மைக்ரோமீட்டரின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்துப் படித்து, வந்த எண்ணிலிருந்து ஃபிலிமின் 50 மைக்ரானைக் கழிக்க வேண்டும். முள்ளை முன்கூட்டியே மைனஸ் 50-இல் வைத்துவிட்டால் கழிக்கும் வேலை இல்லை. வைத்துவிட்டும் கழிக்கிறவர்கள் உண்டு. கழிக்க மறப்பவர்களும் உண்டு. அந்தக் கதைகளை இங்கே அவிழ்க்கவில்லை.

இதில் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த டேப் ஒரே வகையாக வருவதில்லை. அதிகம் புழங்கும் இரண்டில் ஒன்று 20 முதல் 64 மைக்ரான் வரைக்கும், மற்றது 38 முதல் 115 மைக்ரான் வரைக்கும் உரியது. நுரையின் குணம் எல்லா ஆழத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தன் எல்லையின் இரு ஓரங்களிலும் அது கொஞ்சம் பொய் சொல்லும். அதனால்தான் 38-க்கும் 64-க்கும் இடைப்பட்ட பகுதியில் இரண்டு வகையாலும் அளந்து சராசரி எடுப்பது பழைய வழக்கம். இந்தத் திருத்தத்தைத் தானே போட்டுக்கொள்ளும் மின்னணுக் கருவிகளும் இப்போது இருக்கின்றன. இனி உங்கள் எண்ணைப் பாருங்கள்: 50 முதல் 75. ஒரு டேப்பின் மேல் எல்லையை மிதித்துக்கொண்டு அடுத்த டேப்புக்குள் கால் வைக்கிறது. காண்டிராக்டரின் ஆள் ஒரு டேப்பால் அளப்பார், வாடிக்கையாளரின் ஆள் இன்னொன்றால் அளப்பார். இருவர் கையிலும் சரியான கருவி, இருவரும் முறைப்படி தேய்த்தவர்கள், இரண்டு எண்கள்.

இதில் ஊசி ஆழமானி வந்து சேர்ந்தால் மூன்றாவது எண் கிடைக்கும். அதன் தட்டையான அடிப்பாகம் இரும்பின் உயர்ந்த மேடுகள்மேல் உட்காரும். நடுவிலிருந்து 60 பாகைக் கூம்பு முனையுள்ள ஊசி ஒன்று பள்ளத்தில் இறங்கும். எந்தப் பள்ளம் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. சில சமயம் மேட்டின் சரிவிலேயே நின்றுவிடும், சில சமயம் ஆழத்தைத் தொடும், குறுகலான பள்ளமென்றால் முனை அடி வரை போகவே போகாது. அதனால் ஒரு உள்ளங்கை அகல இடத்துக்குள்ளேயே எண்கள் குதிக்கும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் பத்து முறை வைத்து எடுத்ததில் 48, 55, 61, 52, 79, 58, 64, 50, 67, 55 என்று வந்தது. சராசரி 59 மைக்ரான். உங்கள் 50–75-க்குள் அழகாக உட்காருகிறது. ஆனால் அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் டி 4417 தரத்தின் பழைய பதிப்பில் சராசரி எடுக்கச் சொன்னவர்கள், பிறகு மாற்றி, பத்தில் பெரியதையே அந்த இடத்தின் புரொஃபைலாக எழுதச் சொல்லிவிட்டார்கள். டேப் தரும் எண்ணோடு அதுதான் ஒத்துப்போகிறது என்பது காரணம். அப்படி எழுதினால் அதே இடம் 79, எல்லைக்கு வெளியே. இரும்பு மாறவில்லை, கருவி மாறவில்லை, அளந்த ஆளும் மாறவில்லை. தரத்தின் எந்தப் பதிப்பு என்று உங்கள் ஆவணம் சொல்லாததால் ஒரு தொட்டியின் தலைவிதி மாறிவிட்டது.

ஆழமானியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து சுழி பார்க்காமல் அளக்க ஆரம்பிப்பவர்களைப் பற்றியும், குறுகிய விட்டமுள்ள குழாயின் வளைவில் அடிப்பாகம் ஆடிக்கொண்டே இருப்பதைப் பற்றியும் தனியாகவே எழுதலாம். குழாய் வேலைக்கு ஆழமானியைக் கட்டாயமாக்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான்காவது ஸ்டைலஸ். கூர்மையான முனை ஒன்று இரும்பின் மேல் ஒரு நேர்கோட்டில் இழுபட்டு, மேடு பள்ளத்தை வரைபடமாகத் தரும். பிளாஸ்டிங் செய்த இரும்புக்குப் பொதுவாக 2.5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஐந்து துண்டுகள், ஆக மொத்தம் 12.5 மில்லிமீட்டர். ஒவ்வொரு துண்டிலும் மிக உயர்ந்த மேட்டுக்கும் மிகத் தாழ்ந்த பள்ளத்துக்கும் உள்ள தூரத்தை எடுத்து, ஐந்தின் சராசரியைச் சொன்னால் அது ஆர்இசட். மொத்த நீளத்திலும் இருக்கும் அதிகபட்ச வித்தியாசத்தைச் சொன்னால் அது ஆர்டி. ஒரே இழுப்பில் கிடைக்கும் இரண்டு எண்கள், ஒரு நாளும் ஆர்டி ஆர்இசட்டைவிடக் குறையாது. போதாததற்கு, கோடாக ஓடும் முனை பெரும்பாலும் மேடுகளின் உச்சியைத் தொடாமல் பக்கவாட்டில் ஏறி இறங்கிப் போகும். டேப்போ ஒரு பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. இரண்டும் ஒரே எண்ணைத் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

அப்புறம் ஆர்ஏ. இயந்திரப் பாகங்கள் வரையும் துறையிலிருந்து வந்த பொறியாளர்கள் சிலர் பெயிண்டிங் ஆவணத்திலும் ஆர்ஏ என்று போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆர்ஏ என்பது நடுக்கோட்டிலிருந்து மேலும் கீழும் உள்ள விலகல்களின் சராசரி. கடைசல் போட்ட தண்டுக்கு அது நல்ல அளவு. பெயிண்ட் அடிக்கப்போகிறவருக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு உயரமான மேட்டைப் பெயிண்ட் மூட வேண்டும் என்பது. அதை ஆர்ஏ சொல்லாது. பரந்த மேடுகளும் குறுகிய பள்ளங்களும் உள்ள பரப்பும், அதைத் தலைகீழாகக் கவிழ்த்த பரப்பும் ஒரே ஆர்ஏ தரும். ஆர்ஏவை நான்கால் பெருக்கு, ஆறால் பெருக்கு, ஆர்இசட் வந்துவிடும் என்று ஒரு கணக்கு தளங்களில் உலவுகிறது. அந்தப் பெருக்கல் எண் ஒவ்வொரு கிரிட்டுக்கும் மாறும். ஒப்பந்தச் சண்டையில் அதை வைத்து யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

ஒப்பீட்டுத் தகடு இவற்றில் எளியது, பலர் மட்டமாக நினைப்பது. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஐஎஸ்ஓ 8503-1 சொல்லும் தகடுகள் இரண்டு: கிரிட்டுக்கு ஒன்று, ஷாட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நான்கு கட்டங்கள். கிரிட் தகட்டின் கட்டங்கள் 25, 60, 100, 150 மைக்ரான். ஷாட் தகட்டின் கட்டங்கள் 25, 40, 70, 100. முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதுக்குக் கீழ் வரை இருந்தால் ஃபைன், இரண்டிலிருந்து மூன்றுக்குக் கீழ் வரை மீடியம், மூன்றிலிருந்து நான்குக்குக் கீழ் வரை கோர்ஸ். கண்ணால் பார், சந்தேகம் வந்தால் நகத்தால் உரசிப் பார். அவ்வளவுதான் முறை.

இந்த எண்களை ஏன் வரிசையாக எழுதினேன் என்றால், உங்கள் ஸ்பெசிஃபிகேஷனும் பெயிண்ட் கம்பெனியின் டேட்டா ஷீட்டும் முட்டிக்கொள்ளும் இடம் இது. டேட்டா ஷீட்டில் “ஐஎஸ்ஓ 8503, மீடியம், ஜி” என்று இருக்கும். ஜி என்றால் கிரிட். கிரிட்டில் மீடியம் 60-இல்தான் தொடங்குகிறது. உங்கள் ஆவணமோ 50 முதல் 75. தளத்தில் 54 மைக்ரான் வந்தால் உங்கள் கணக்கில் பாஸ், டேட்டா ஷீட் கணக்கில் அது ஃபைன். பெயிண்ட் உரிந்து உத்தரவாதப் பேச்சு எழும் நாளில் கம்பெனிக்காரர் எந்தத் தாளை எடுத்து நீட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? அதே ‘மீடியம்’ ஷாட் தகட்டில் 40 முதல் 70. எழுத்து ஜியா, ஷாட்டைக் குறிக்கும் எஸ்ஸா என்பதைப் பொறுத்து மீடியத்தின் தொடக்கமே 20 மைக்ரான் நகர்ந்துவிடுகிறது. அந்த ஒற்றை எழுத்தை விட்டுவிட்ட ஆவணங்கள் ஏராளம்.

சரி, இருபது மைக்ரானுக்கு இத்தனை கூப்பாடா என்று கேட்கலாம். புரொஃபைல் குறைந்தால் பிடிமானம் குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதில் நேரம் செலவிட வேண்டாம். கூடினால் என்ன ஆகும் என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. ‘சொரசொரப்பு அதிகமென்றால் பிடிப்பும் அதிகம்தானே, ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று தளத்தில் எனக்கு உபதேசம் நடக்கும்.

பெயிண்ட் முதலில் பள்ளத்தை நிரப்பும், அப்புறம்தான் மேட்டின் மேல் ஏறும். மேடுகளில் ஒன்றிரண்டு மற்றவற்றைவிட உயரமாக நீட்டிக்கொண்டு நின்றால், மெல்லிய பிரைமர் அவற்றின் உச்சியை மூடுவதே இல்லை, மூடினாலும் பெயருக்கு மூடும். அடுத்த கோட் வருவதற்குள் ஈரக்காற்றில் அந்த உச்சிகள் குண்டூசித் தலை அளவுக்குத் துருப்புள்ளிகளாகப் பூத்துவிடும். 15 முதல் 25 மைக்ரான் வரை மட்டுமே அடிக்கும் ஷாப் பிரைமருக்குக் கீழே 100 மைக்ரான் புரொஃபைலை வைத்துவிட்டு, பிரைமர் தரமில்லை என்று புகார் எழுதுவது நடக்கிற கதை.

இதைவிட நுட்பமான தொந்தரவு பெயிண்டின் தடிப்பை அளக்கும்போது வருகிறது. வழுவழுப்பான தகட்டில் சுழி வைத்த காந்தவகை அளவுமானியைச் சொரசொரப்பான இரும்பின் மேல் வைத்தால், அது மேட்டின் உச்சியிலிருந்து அளப்பதில்லை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே எங்கோ ஒரு மட்டத்தை இரும்பின் முகம் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் ஐஎஸ்ஓ 19840 ஒரு திருத்தம் சொல்கிறது: ஃபைன் என்றால் 10 மைக்ரான், மீடியம் என்றால் 25, கோர்ஸ் என்றால் 40-ஐ ஒவ்வொரு அளவிலிருந்தும் கழி, புரொஃபைல் என்னவென்று தெரியாவிட்டால் 25-ஐக் கழி. இப்போது 60 மைக்ரான் துத்தநாகப் பிரைமர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மானி 60 என்று காட்டுகிறது. மீடியம் என்றால் மேட்டின் மேல் உண்மையில் கணக்காவது 35. கோர்ஸ் என்றால் 20. அதாவது, பிளாஸ்டிங் முடிந்த நாளில் புரொஃபைலைச் சரியாகப் பதிவு செய்யாவிட்டால், பிறகு எடுக்கும் பெயிண்ட் தடிப்பின் கணக்கும் அந்தரத்தில் தொங்குகிறது. இரண்டும் வேறு வேறு பக்கங்களில் இருப்பதால் இது உங்கள் கண்ணில் படாமல் போகிறது. தடிப்புப் பகுதியில் ‘ஐஎஸ்ஓ 19840 படி’ என்று எழுதிவிட்டு, புரொஃபைல் பகுதியில் தரத்தின் பெயரையே எழுதாமல் விட்ட ஆவணங்கள் எனக்குப் பழக்கம்.

பெயிண்ட் செலவையும் ஒரு கை பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மைக்ரான் என்பது சரியாக ஒரு மில்லிலிட்டர். பள்ளம் நிரப்பவே சராசரியாக 25 மைக்ரான் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் சதுர மீட்டருக்குக் காய்ந்த கணக்கில் 25 லிட்டர். பெயிண்டில் திடப்பொருள் பாதி என்றால் டின்னிலிருந்து 50 லிட்டர். அதுவே 40 மைக்ரான் ஆனால் 80 லிட்டர். வீணாவது, மிச்சம் எதையும் இதில் சேர்க்கவில்லை. மேல் எல்லையை எழுதாமல் ‘குறைந்தது 50 மைக்ரான்’ என்று மட்டும் எழுதும்போது, இந்த லிட்டர்களை யார் தலையில் கட்டுவது என்ற வழக்கையும் சேர்த்தே எழுதிவிடுகிறீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு மேல் எல்லையை முன்கூட்டியே காப்பாற்ற வேண்டியதற்கு. புரொஃபைல் குறைந்தால் திரும்ப அடிக்கலாம். கூடிவிட்டால்? பொடிக் கிரிட்டால் மறுபடி அடித்தால் உச்சிகள் கொஞ்சம் மழுங்கும், ஆழமான பள்ளங்கள் அப்படியே இருக்கும். பெரும்பாலும் வேறு போக்கில்லை, கூடுதல் பெயிண்ட்தான். ஆகவே அளவெடுப்பதைக் கடைசியில் நடக்கும் பரீட்சையாக வைப்பதில் பொருளில்லை. அடிக்கத் தொடங்கும் முன்பே என்ன கிரிட், என்ன சைஸ், நாசிலில் என்ன அழுத்தம் என்று முடிவாகி, ஒரு மாதிரித் தகட்டில் அடித்துப் பார்த்து எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தம் என்றால் கம்ப்ரசர் மீட்டரில் தெரிவதல்ல. நாசிலுக்குப் பக்கத்தில் ஹோசில் ஊசி மானியைக் குத்திப் பார்ப்பது. அங்கே 7 பார் நிற்கிறதா என்று கேட்டால் பல தளங்களில் முகம் மாறும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஸ்டீல் கிரிட் உடைந்து பொடியாகிக்கொண்டே வரும். புதியதை அளவோடு கலந்துகொண்டே இருந்தால்தான் காலையில் வந்த புரொஃபைல் மாலையிலும் வரும். ஒரே மூட்டை, ஒரே ஆள், ஒரே நாசில் இருந்தும் எண் இறங்கிக்கொண்டே போனால் முதலில் கிரிட்டைத்தான் சலித்துப் பார்க்க வேண்டும்.

எங்கே அளப்பது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். பழைய இரும்பில் துரு தின்ற குழிகள் இருக்கும். அந்தக் குழிக்குள் டேப்பை ஒட்டினால் வருவது புரொஃபைல் அல்ல, துருவின் ஆழம். கேஸ் கட்டிங் செய்த விளிம்பு சூட்டில் இறுகியிருக்கும், மற்ற இடத்தில் 65 கொடுக்கும் கிரிட் அங்கே பாதிகூடக் கொடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த விளிம்புகளைப் பிளாஸ்டிங்குக்கு முன் கிரைண்டிங் செய்யச் சொல்லி எழுத வேண்டும். பெயிண்ட் முதலில் விட்டுக்கொடுப்பதும் விளிம்பில்தான் என்பதால் இதைச் சின்ன விஷயமென்று தள்ள முடியாது. தூசியைத் துடைத்த பிறகு அளக்க வேண்டும் என்பதும் எழுத வேண்டிய ஒன்றே. டேப்புக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டினால் புரொஃபைல் தானாக ஏறிவிடும், பாஸ் ஆக வேண்டியவருக்கு அது வசதியாகவும் இருக்கும்.

மேடுகளின் உயரம் மட்டுமே கதையல்ல, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை மேடுகள் என்பதும் பிடிமானத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே 70 மைக்ரானில் நெருக்கமான பரப்பும் உண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக மேடு நிற்கும் பரப்பும் உண்டு. டேப்பும் மைக்ரோமீட்டரும் இந்த எண்ணிக்கையைச் சொல்லாது. ஸ்டைலஸ் சொல்லும், டேப்பைப் படமெடுத்து எண்ணும் கருவிகளும் சொல்லும். எல்லா வேலைக்கும் இதைக் கேளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தொட்டியின் உட்புற லைனிங் போல ஒருமுறை மூடினால் வருடக்கணக்கில் திறக்க முடியாத வேலைக்குக் கேட்கலாம்.

பழைய ஆவணத்தை வெட்டி ஒட்டும் பழக்கத்தைப் பற்றியும் ஒன்று. பூச்சுத் துறைக்குத் தரங்கள் எழுதிய நேஸ், எஸ்எஸ்பிசி என்ற இரண்டு அமைப்புகளும் 2021-இல் ஏஎம்பிபி என்று ஒன்றாகிவிட்டன. ஆர்இசட்டுக்கு இலக்கணம் சொன்ன ஐஎஸ்ஓ 4287-இன் இடத்தை அதே 2021-இல் ஐஎஸ்ஓ 21920 பிடித்துவிட்டது. பழைய எண்ணை மேற்கோள் காட்டுவதால் மட்டும் பெயிண்ட் உரிந்துவிடாது. ஆனால் எந்த வருடப் பதிப்பு என்று இல்லாத மேற்கோள், மேலே சொன்ன பத்து எண்களின் கதையைப் போலத் தளத்தில் நேரத்தைத் தின்னும்.

வெறுமனே குறை சொல்லாமல், நான் எதிர்பார்க்கும் பத்தியையே எழுதிக் காட்டுகிறேன். உங்கள் வேலைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்:

“கூர்முனைக் கிரிட்டால் பிளாஸ்டிங் செய்ய வேண்டும். புரொஃபைல் 50 மைக்ரானுக்குக் குறையாமலும் 75 மைக்ரானுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இந்த எல்லை பெயிண்ட் தயாரிப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் பெற்றது. ஐஎஸ்ஓ 8503-5 படி, எல்லைத் திருத்தம் செய்யும் கருவியைக் கொண்டு ரெப்ளிக்கா டேப்பால் அளக்க வேண்டும். ஓரிடத்துக்கு இரண்டு டேப். இரண்டின் சராசரி அந்த இடத்தின் அளவு. ஒவ்வொரு பிளாஸ்டிங் கருவிக்கும் ஒரு ஷிஃப்டுக்குக் குறைந்தது மூன்று இடங்கள். துருக் குழிகளிலும் வெல்டின் மேலும் அளக்கக்கூடாது. கருத்து வேறுபாடு வந்தால் இதே முறையில் எடுத்த அளவே இறுதியானது. வேறு கருவியின் எண் ஏற்கப்படாது. வேலை தொடங்கும் முன் மாதிரித் தகட்டில் ஒப்புதல் பெற வேண்டும். டேப்புகளை அறிக்கையில் ஒட்டிச் சேர்க்க வேண்டும்.”

கருவிக்கு ஒரு ஷிஃப்டில் மூன்று இடங்கள் என்பது என் கற்பனையல்ல. எஸ்எஸ்பிசி பிஏ 17 என்ற நடைமுறை அப்படித்தான் சொல்கிறது. நான் டேப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது மற்றவற்றைவிட உயர்ந்தது என்பதல்ல. அளந்த பொருளே கையில் மிஞ்சுகிறது, சந்தேகப்படுகிறவர் பிறகு எடுத்து மறுபடி அளக்கலாம். உங்களுக்கு ஸ்டைலஸ்தான் பிடிக்குமென்றால் ஸ்டைலஸையே எழுதுங்கள். ஆர்இசட்டா ஆர்டியா, எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்பதையும் சேர்த்து. தகடுதான் போதுமென்றால் ஜியா எஸ்ஸா என்று எழுதுங்கள். கிரைண்டர் போன்ற விசைக் கருவிகளால் சுத்தம் செய்யும் இடங்களுக்கு இந்த எல்லை பொருந்தாது. அங்கே எஸ்எஸ்பிசியின் எஸ்பி 11 தரம் கேட்பது குறைந்தது 25 மைக்ரான்; அதைத் தனிப் பத்தியாக்குங்கள்.

மாலை நேரத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஒருமுறை வந்து பாருங்கள். பிளாஸ்டிங் முடிந்த இரும்பு காத்திருக்காது. ஈரப்பதம் ஏறிக்கொண்டிருக்கும், இரும்பின் வெப்பநிலை பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, 3 டிகிரி மேலே இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் பிரைமர் ஏற வேண்டும். பெயிண்ட் கலக்கத் தயாராக ஆட்கள் நிற்பார்கள். அந்த நேரத்தில் என் கையில் 77 என்று ஒரு எண் வரும். அதை எப்படிப் படிப்பது என்று உங்கள் ஆவணம் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிவெடுப்பேன். சொல்லாவிட்டால் அங்கே யார் குரல் பெரியதோ அவர்தான் ஸ்பெசிஃபிகேஷன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பத்தியை விலைப்புள்ளி கேட்கும் ஆவணத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஆர்டர் போன பிறகு திருத்தமாக அனுப்பினால் மாதிரித் தகட்டுக்கும் டேப்புக்கும் கூடுதல் பணம் கேட்டுக் கடிதம் வரும். அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

இப்படிக்கு,
தளத்தில் டேப் தேய்க்கும் ஒரு பூச்சு ஆய்வாளர்